விலகிப்போன பெற்றோரின் சட்ட உரிமையை முடித்து மாற்றாந்தந்தை தத்தெடுப்பது எப்படி: அமெரிக்க நீதிமன்ற நடைமுறை

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு குழந்தைக்குச் சட்டப்படி இரண்டு பெற்றோர் மட்டுமே இருக்க முடியும். எனவே தாயின் இரண்டாவது கணவர் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால், முதல் தந்தைக்குரிய இடம் சட்டப்படி காலியாக வேண்டும். அவர் பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்கவில்லை என்பதாலேயே அந்த இடம் காலியாகிவிடாது. அவர் முறைப்படி சம்மதிக்க வேண்டும்; அல்லது அவருடைய பெற்றோர் உரிமை முடிந்தது என்றோ அவருடைய சம்மதம் தேவையில்லை என்றோ நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டும். இது மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட விஷயமாதலால் படிவங்களும் காலக்கெடுக்களும் நீதிமன்றத்தின் பெயரும்கூட இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் நடைமுறையின் எலும்புக்கூடு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. எளிமைக்காக இங்கே விலகிப்போனவரைத் தந்தை என்றும் தத்தெடுப்பவரை மாற்றாந்தந்தை என்றும் குறிப்பிடுகிறேன். விலகிப்போனவர் தாயாக இருந்து மாற்றாந்தாய் தத்தெடுத்தாலும் சட்டம் பெரும்பாலும் இதேதான்.

முதலில், இது வேண்டுமா என்று பாருங்கள்

தத்தெடுப்பு நிரந்தரமானது. மாற்றாந்தந்தை பெற்ற தந்தைக்கு இணையான சட்டத் தந்தையாகிறார். பின்னாளில் இந்தத் திருமணமும் முறிந்தால் குழந்தையை நேரில் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கும். பராமரிப்புத் தொகை செலுத்தும் கடமையும் இருக்கும். முதல் தந்தை இனிமேல் செலுத்த வேண்டிய பராமரிப்புத் தொகை நின்றுபோகும். அதுவரை சேர்ந்த பாக்கி பொதுவாக ரத்தாவதில்லை. பள்ளிப் படிவத்திலும் மருத்துவமனையிலும் தனியாகக் கையெழுத்திட முடியவில்லை என்பது மட்டுமே சிக்கல் என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதையும் தாய்க்கே தரும் காவல் உத்தரவை, அதாவது குழந்தையின் வளர்ப்புப் பொறுப்பு யாருக்கு என்று வகுக்கும் உத்தரவைக் கேட்டுப் பெறலாம். அது எளிது, செலவும் குறைவு. தந்தையின் மீதுள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு இந்த மனு ஏற்ற கருவி அல்ல. குழந்தையைத் தாங்கும் இரண்டு தூண்களில் ஒன்றை வெறுமனே எடுத்துவிட நீதிபதிகள் மிகவும் தயங்குவார்கள். அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் ஆயத்தமாக இருப்பதால்தான் இந்த வகை வழக்குகள் ஏற்கப்படுகின்றன. ஆகவே உரிமை முடிப்பு மனுவையும் தத்தெடுப்பு மனுவையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ தாக்கல் செய்வதே வழக்கம்.

குழந்தைக்குப் 17 வயது கடந்துவிட்டதென்றால் இன்னொரு வழியும் உண்டு. 18 வயது நிரம்பியவரைத் தத்தெடுக்கப் பொதுவாகப் பெற்ற தந்தையின் சம்மதம் தேவைப்படுவதில்லை; தத்தெடுக்கப்படுபவரின் சம்மதம் போதும். ஓராண்டு நீளக்கூடிய வழக்கை நடத்துவதைவிடச் சில மாதங்கள் காத்திருப்பது சில குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் குடியுரிமை போன்ற பயன்கள் வயது வரம்புக்கு உட்பட்டவை என்பதால், அவை தேவைப்படும் குடும்பம் காத்திருக்கக் கூடாது.

சட்டத்தின் பார்வையில் தந்தை யார்

மனுவில் எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது என்பது தோன்றுவதுபோல் எளிதல்ல. குழந்தை பிறந்தபோது தாய் திருமணமானவராக இருந்தால், அன்றைய கணவரே தந்தை என்று சட்டம் ஊகிக்கும். உயிரியல் தந்தை வேறொருவர் என்றால் இருவரையுமே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கலாம். திருமணமாகாத பெற்றோர் என்றால், தந்தைமையை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் மருத்துவமனையில் வைத்துக் கையெழுத்திட்டாரா, நீதிமன்றம் தந்தைமையைத் தீர்மானித்த உத்தரவு உண்டா, பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லாதவருக்காகப் பல மாநிலங்கள் 'உத்தேசத் தந்தை' பதிவேடு ஒன்றை வைத்திருக்கின்றன. தாம் தந்தையாக இருக்கலாம் என்று கருதும் ஆண் அதில் பதிந்துகொண்டால், தத்தெடுப்பு வழக்கு வரும்போது அவருக்கு அறிவிப்பு போகும். 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லேர் எதிர் ராபர்ட்சன் வழக்கு இதைப் பற்றியதுதான். நியூயார்க்கில் மாற்றாந்தந்தை ஒருவர் குழந்தையைத் தத்தெடுத்தபோது, பதிவேட்டில் பெயர் பதியாமலும் குழந்தையோடு உறவை வளர்த்துக்கொள்ளாமலும் இருந்த உயிரியல் தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாதது செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. எனினும் இந்தத் தீர்ப்பை நம்பித் தந்தையைத் தவிர்த்துவிட நினைக்காதீர்கள். பதிவேட்டைத் தேடி, பெயர் இல்லை என்ற சான்றிதழைப் பெற்று மனுவோடு இணைப்பதே முறை. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும் என்றால், சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் அறிவிப்பு கொடுத்துவிடுவது நல்லது.

சம்மதம் கிடைத்தால்

தந்தை சம்மதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொடர்பே இல்லாத தந்தை சம்மதிக்க மாட்டார் என்று பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புத் தொகையின் சுமை இனி ஏறாது என்பதாலோ, குழந்தைக்கு அதுவே நல்லது என்று அவரும் எண்ணுவதாலோ, கேட்டவுடன் கையெழுத்திடுபவர்கள் உண்டு. கேட்பது கடிதம் மூலமோ வழக்கறிஞர் மூலமோ இருக்கட்டும். முன்பு வன்முறை இருந்திருந்தால் நேரில் சந்திப்பதை அறவே தவிருங்கள்.

சம்மதம் அந்தந்த மாநிலம் வகுத்த படிவத்தில், நோட்டரி, சாட்சிகள் அல்லது நீதிபதி முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். 'குழந்தை உனக்கே இருக்கட்டும்' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி சம்மதம் ஆகாது. பின்னால் கைவிட்டதற்குச் சான்றாக அது உதவலாம் என்பதால் அழித்துவிட மட்டும் வேண்டாம். சில மாநிலங்கள் கையெழுத்திட்ட பிறகும் குறிப்பிட்ட நாட்களுக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெற இடம் தருகின்றன. அந்தக் கெடு முடியும்வரை எதையும் உறுதி என்று எண்ண முடியாது. பாக்கித் தொகையைத் தள்ளுபடி செய்கிறேன், கையெழுத்துப் போடு என்று பேரம் பேசுவது ஆபத்தான வேலை. சம்மதம் விலைக்கு வாங்கப்பட்டது என்ற சந்தேகம் எழலாம். தாய் அரசு நிதியுதவி பெற்ற காலத்துப் பாக்கியின் மீது மாநில அரசுக்கே உரிமை இருக்கக்கூடும் என்பதால், அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லாமலும் போகலாம்.

சம்மதம் இல்லையென்றால்: காரணமும் சான்றும்

இங்கேதான் மாநிலங்களுக்கிடையேயான வேறுபாடு பெரிதாகிறது. நியூயார்க்கில், முடிந்திருந்தும் 6 மாத காலம் குழந்தையைப் பார்க்காமலும், குழந்தையோடோ அதை வைத்திருப்பவரோடோ தொடர்பு கொள்ளாமலும் இருந்து, அதன் மூலம் உரிமையைக் கைவிடும் எண்ணத்தைக் காட்டிய தந்தையின் சம்மதம் தேவையில்லை. கலிபோர்னியாவில் ஒரு பிரிவின்படி, குழந்தை நீதிமன்ற உத்தரவாலோ உடன்பாட்டாலோ தாயின் காவலில் இருக்க, தந்தை முடிந்திருந்தும் ஓராண்டு காலம் வேண்டுமென்றே தொடர்பு கொள்ளாமலும் பணம் தராமலும் இருந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு தவறுமே சேர்ந்திருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். டெக்சாஸில் ஒரு காரணம், தம் சக்திக்கேற்ப ஓராண்டு காலம் குழந்தையை ஆதரிக்காமல் விட்டது. அந்த ஓராண்டு, மனு தாக்கலாகும் தேதிக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் முடிவடைந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பணம் அனுப்பாமலிருந்து, கடந்த இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அனுப்பிவருபவர்மீது அந்தக் காரணத்தைச் சுமத்த முடியாது. ஆகவே மனு எழுத உட்காரும் முன், உங்கள் மாநிலச் சட்டத்தின் சொற்களை வரிக்கு வரி படித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

'முடிந்திருந்தும்', 'வேண்டுமென்றே' ஆகிய இரண்டு நிபந்தனைகளில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. தந்தை வேலையிழந்திருந்தார், நோயுற்றிருந்தார் என்றால் பணம் தராதது வேண்டுமென்றே செய்ததாகாது. சிறையில் இருந்தார் என்பது மட்டும் பொதுவாகக் கைவிட்டதற்குச் சமமாகாது. சிறையிலிருந்தும் கடிதம் எழுதலாமே, எழுதினாரா என்பதே கேள்வியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயே தொலைபேசி எண்ணை மாற்றி, முகவரியைச் சொல்லாமல், வந்த அழைப்புகளைத் தடுத்து வைத்திருந்தால், 'அவர் தொடர்பு கொள்ளவில்லை' என்ற வாதம் நீதிபதி முன் நிற்காது. பாதுகாப்புக்காகத் தடுத்திருந்தால், அதற்கான காப்பு உத்தரவு, காவல்துறை அறிக்கை போன்றவற்றை மனுவிலேயே முன்வைத்துவிட வேண்டும். எதிர்த்தரப்பு கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பாகத் தெரியும்.

சான்றின் தரம் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். சான்டோஸ்கி எதிர் கிரேமர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், பெற்றோர் உரிமையை நிரந்தரமாக முடிக்கச் சாதாரண சிவில் வழக்குக்குரிய 'எது அதிகம் நம்பத்தக்கது' என்ற அளவு போதாது, குறைந்தது 'தெளிவான, உறுதியான சான்று' வேண்டும் என்றது. குழந்தை அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால் 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் குறுக்கிடும். அதன்படி ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், மாற்றாந்தந்தை வழக்குகளும் அதற்கு விலக்கல்ல.

எனவே சேகரிக்க வேண்டியவை உணர்ச்சிக் கதைகள் அல்ல, ஆவணங்கள். மாநிலப் பராமரிப்புத் தொகை அலுவலகத்திலிருந்து சான்றளிக்கப்பட்ட வரவு விவரத்தைப் பெறுங்கள். அதைவிட வலுவான தாள் இந்த வழக்கில் அரிது. பள்ளியிலும் மருத்துவரிடமும் தந்தை ஒருமுறையேனும் விசாரித்தாரா என்பதைப் பதிவுகள் காட்டும். உங்கள் எண், மின்னஞ்சல், முகவரி ஆகியவை மாறாமல் இருந்தன அல்லது மாறியதை அவருக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்கான சான்று, அவர் தொடர்பு கொண்டிருக்க முடியும் என்பதை நிறுவும். ஆண்டுக்கொரு பிறந்தநாள் வாழ்த்து, எப்போதோ அனுப்பிய ஐம்பது டாலர் போன்றவற்றை மறைக்காதீர்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பெயரளவிலான முயற்சிகளை நீதிமன்றம் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் நீங்கள் மறைத்தது வெளியே வந்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பத் தயங்கும்.

தேடுவதும் அறிவிப்புச் சேர்ப்பதும்

காரணமும் சான்றும் எவ்வளவு வலுவாக இருந்தாலும், தந்தைக்கு முறையான அறிவிப்பு சேராவிட்டால் தீர்ப்பு மணலில் கட்டிய வீடுதான். 1965-இன் ஆம்ஸ்ட்ராங் எதிர் மான்சோ வழக்கை இதற்காகவே நினைவில் வைத்திருக்க வேண்டும். டெக்சாஸில் விவாகரத்தான தாய் மறுமணம் செய்துகொண்டார். தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சக்திக்கேற்ற ஆதரவு தரவில்லை என்று அந்தத் தாய் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய, மாற்றாந்தந்தை தத்தெடுப்பு உத்தரவைப் பெற்றார். தந்தை இருக்கும் இடம் தெரிந்திருந்தும் அவருக்கு அறிவிப்பு தரப்படவில்லை. செய்தி அறிந்து அவர் வழக்குத் தொடுத்தபோது கீழ் நீதிமன்றம் அவருடைய வாதத்தைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அப்படித் தாமதமாகக் கேட்டதால் முதல் குறை சரியாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. குழந்தை புதிய குடும்பத்தில் வேரூன்றிய பிறகு இப்படி ஒரு தீர்ப்பு கவிழ்ந்தால், அதன் அடி முதலில் விழுவது குழந்தையின் மேல்தான்.

முகவரி தெரிந்தால், வழக்கில் தரப்பினர் அல்லாத வயதுவந்த ஒருவரோ ஷெரிப் (மாவட்டக் காவல் அதிகாரி) அலுவலகமோ மனுவையும் சம்மனையும் நேரில் தர வேண்டும். தந்தவர் அதற்குரிய சான்றில் கையெழுத்திட வேண்டும். நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது செல்லாது. முகவரி தெரியாவிட்டால் 'முழு முயற்சியோடு தேடினேன்' என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். கடைசியாகத் தெரிந்த முகவரி, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய முதலாளி, நண்பர்கள், சமூக ஊடகக் கணக்குகள், சிறைப் பதிவுகள், வாகனப் பதிவுகள், அஞ்சல் திசைமாற்றம் என எங்கெல்லாம் தேடினீர்கள், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று எழுத வேண்டும். அவருடைய அம்மாவுக்கு ஓர் அழைப்புகூடச் செய்யாமல் 'இருப்பிடம் தெரியவில்லை' என்று எழுதுபவர்களை நீதிபதிகள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். தேடல் போதுமானது என்று நீதிமன்றம் ஏற்றால், செய்தித்தாளில் சில வாரங்கள் தொடர்ந்து அறிவிப்பு வெளியிட அனுமதிக்கும். சில மாநிலங்களில், வராத தந்தையின் சார்பில் வழக்கறிஞர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். அந்தக் கட்டணம் உங்கள் தலையில் விழக்கூடும் என்பதை முன்கூட்டியே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தந்தை வராமலேயே தீர்ப்புக் கேட்பதானால், அவர் ராணுவப் பணியில் இருக்கிறாரா இல்லையா என்ற பிரமாணப் பத்திரமும் கட்டாயம். படைவீரர்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம், பணியில் இருப்பவருக்கு எதிராக வழக்கறிஞர் நியமிக்காமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்குவதைத் தடுக்கிறது. பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்த்துச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம்.

தந்தை இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார் என்றால் கூடுதல் கவனம் தேவை. அயல்நாட்டில் நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிப்பது குறித்த ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து, அது 2007 ஆகஸ்ட் முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. அஞ்சல் வழியாக நேரடியாக அனுப்பும் முறைக்கு இந்தியா மறுப்புத் தெரிவித்திருக்கிறது. ஆகவே சென்னையில் உள்ளவருக்குக் கூரியரில் சம்மன் அனுப்பிவிட்டு, கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கோரிக்கை இந்தியச் சட்ட அமைச்சகத்தின் வழியாகச் செல்ல வேண்டும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கலாம் என்பதால் விசாரணைத் தேதியை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

மனுவும் விசாரணையும்

மனுவைக் குழந்தை வசிக்கும் மாவட்டத்தின் குடும்ப நீதிமன்றத்திலோ, உயில், வாரிசு வழக்குகளைக் கவனிக்கும் உயில் நீதிமன்றத்திலோ தாக்கல் செய்வது வழக்கம். குழந்தை கடந்த ஐந்து ஆண்டுகள் எங்கெங்கே, யாரோடு வசித்தது என்ற பிரமாணத்தை ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் கேட்கும். பொதுவாகக் குழந்தை தொடர்ந்து 6 மாதம் வாழ்ந்த மாநிலமே விசாரிக்கும் அதிகாரம் கொண்டது. திருமணச் சான்றிதழ், முந்தைய விவாகரத்து மற்றும் காவல் உத்தரவுகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மாற்றாந்தந்தையின் கைரேகையும் குற்றப் பின்னணிச் சோதனையும் தேவைப்படும். அந்நியர் தத்தெடுக்கும்போது நடக்கும் விரிவான வீட்டு ஆய்வைப் பல மாநிலங்கள் மாற்றாந்தந்தைக்குத் தளர்த்துகின்றன. முகவரியை மறைக்க வேண்டிய நிலை இருந்தால், மனுவை எழுதும்போதே ரகசிய முகவரித் திட்டத்தில் சேருங்கள். மனுவின் நகல் தந்தையின் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

விசாரணை இரண்டு படிகளாக நடக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை. முதல் படியில், தந்தையின் செயல் சட்டம் சொல்லும் காரணத்துக்குள் வருகிறதா என்பது மட்டுமே கேள்வி. மாற்றாந்தந்தை எவ்வளவு அன்பானவர், குழந்தை அவரை அப்பா என்றே அழைக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவை இரண்டாம் படியான குழந்தை நலன் பற்றிய விசாரணைக்கு உரியவை. சாட்சிகளையும் இந்த வரிசையிலேயே அணிவகுக்க வேண்டும். நியூயார்க்கில் 14 வயதுக்கு மேற்பட்ட குழந்தையும், கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 12 வயதை எட்டிய குழந்தையும் தத்தெடுப்புக்குச் சம்மதிக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள குழந்தையின் மனநிலையை அறிய நீதிமன்றம் தனிப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கலாம். குழந்தைக்குப் பதிலைச் சொல்லிக் கொடுத்து அழைத்துச் செல்வதுபோல் வழக்கைக் கெடுப்பது வேறில்லை.

தந்தை சம்மதித்த வழக்கை நீதிமன்றத்தின் சுயஉதவி மையத்தின் துணையோடு தாங்களே நடத்துவோர் உண்டு. அவர் எதிர்க்கிறார், காணவில்லை, அல்லது வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம். எதிர்க்கும் தந்தை ஏழை என்பதால் அவர் சோர்ந்துபோவார் என்று கணக்குப் போடுவதும் தவறு. 1996-இல் மிசிசிப்பியில், மாற்றாந்தாய் தத்தெடுப்பதற்காக உரிமை பறிக்கப்பட்ட தாய் ஒருவர், விசாரணைப் பதிவைத் தயாரிக்கும் கட்டணமான 2,352.36 டாலரைக் கட்ட முடியாததால் மேல்முறையீடு மறுக்கப்பட்டபோது, அப்படி மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனு தள்ளுபடியானால் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. விலகல் தொடர்ந்தால், புதிய காலப்பகுதிக்கான சான்றோடு பின்னர் மீண்டும் மனுச் செய்ய முடியும். அதற்கிடையில், மாற்றாந்தந்தைக்கு மருத்துவ, பள்ளி முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம் அளிப்பதும், தாயின் உயிலில் அவரைக் காப்பாளராக முன்மொழிவதும் ஓரளவு துணை நிற்கும்.

தீர்ப்புக்குப் பின்

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுத்திருந்து, தீர்ப்பின் சான்றிட்ட நகல்களைத் தேவைக்கு மேலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த மாநிலத்தின் பதிவு அலுவலகம் மாற்றாந்தந்தையின் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழ் தரும். பழையது முத்திரையிட்டு வைக்கப்படும். புதிய சான்றிதழைக் கொண்டு சமூகப் பாதுகாப்பு அட்டை, கடவுச்சீட்டு, காப்பீடு, பள்ளிப் பதிவு ஆகியவற்றை இந்த வரிசையில் மாற்றுவது எளிது. வாழ்க்கைத் துணையின் குழந்தையைத் தத்தெடுத்ததற்குக் கூட்டாட்சி வருமான வரியில் தத்தெடுப்புச் சலுகை கிடைக்காது என்பதால் அந்தத் தொகையை நம்பிச் செலவு திட்டமிட வேண்டாம். சில மாநிலங்களில், மாற்றாந்தந்தை தத்தெடுத்த பிறகும் முதல் தந்தை வழியில் குழந்தைக்கு வாரிசுரிமை தொடரும். தாத்தா, பாட்டி குழந்தையைப் பார்க்கும் உரிமையும் எல்லா இடங்களிலும் தானாக அற்றுப்போவதில்லை.

கிரீன் கார்டுடன் இருக்கும் குழந்தையின் மாற்றாந்தந்தை அமெரிக்கக் குடிமகன் என்றால், தத்தெடுக்காதவரை அவர் வழியாகக் குடியுரிமை குழந்தைக்குத் தானாக வராது. பொதுவாக 16 வயதுக்கு முன் தத்தெடுத்து, இரண்டு ஆண்டுக் காவலும் உடன் வசிப்பும் உள்ளிட்ட நிபந்தனைகளை 18 வயதுக்குள் நிறைவேற்றினால் அது வரும். ஆகையால் குழந்தைக்கு 14, 15 வயதாகும்போது இந்த வழக்கைத் தொடங்குபவர், மனுவைத் தாக்கல் செய்யும் முன்பே குடிவரவு வழக்கறிஞரிடமும் நாட்காட்டியைக் காட்டிவிட வேண்டும்.